வால் அறுந்த நேரம்

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஏற்கெனவே ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார்கள்.

லொள்ளு அந்தக் குறியைப் பார்த்தான். பிறகு அதைப் போட்ட மேனேஜரைப் பார்த்தான். கால்நடைத் தடுப்பூசிக் கிடங்கின் மேனேஜர் அவர். கண்ணாடி போட்ட மேஜை, சுழல் நாற்காலி, பின்சுவரில் 'நேரம் தவறாமை எங்கள் உயிர்மூச்சு' என்று சட்டம் போட்ட வாசகம் எல்லாம் இருந்தன. அறிக்கை இரண்டு பக்கம். தலைப்பு, விசாரணை விவரம், குற்றவாளியின் பெயர், முடிவுரை, எல்லாமே டைப் அடித்து ரெடி. துப்பறிவாளர் செய்ய வேண்டியதெல்லாம் பேனாவைத் திறப்பதுதான்.

"நீங்க படிச்சுக்கூடப் பார்க்க வேண்டாம்," என்றார் மேனேஜர். "வெளி ஆள் ஒருத்தர் விசாரிச்சார்னு ஒரு பேப்பர் வேணும், அவ்வளவுதான். நாலு மணிக்குப் போலீஸ் வருது. இதைக் கொடுத்து அந்தம்மாவை ஒப்படைச்சுட்டா வேலை முடிஞ்சது."

"அதுக்கு எங்களை எதுக்கு சார் கூப்பிட்டீங்க? ஒரு ரப்பர் ஸ்டாம்பு செஞ்சிருக்கலாம். அது டீ கூடக் கேட்காது," என்றான் லொள்ளு.

அவன் பெயர் வேறு. அந்தப் பெயரை ரேஷன் கார்டைத் தவிர வேறு யாரும் பயன்படுத்துவதில்லை. பஸ் கண்டக்டராக இருந்தபோது பயணிகளைக் கிண்டல் செய்ததற்காக மூன்று மெமோ வாங்கியவன். நான்காவது வருவதற்குள் அவனே வேலையை விட்டுவிட்டான். இப்போது நாற்பத்திரண்டு வயதில் அண்ணியின் துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளர், டிரைவர், எடுபிடி எல்லாம் அவன்தான்.

அண்ணி என்றால் அவனுடைய அண்ணன் மனைவி. முப்பது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊர் விட்டு ஊரும் நாடு விட்டு நாடும் அழைப்புகளை இணைத்துக் கொடுத்தவள். ஓய்வு பெற்ற மறுவாரமே அலுவலகம் திறந்துவிட்டாள். பிறர் பேசுவதை முப்பது வருடம் கேட்டுவிட்டு இனிமேல் சும்மா இருக்க முடியாது என்பது அவள் வாதம். பொய்யை முகத்தில் தேடமாட்டாள், குரலில் தேடுவாள்.

இப்போது அவள் பேனாவைத் திறக்கவில்லை. அறிக்கையை ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருந்தாள். மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை என்பது நாற்காலி கிறீச்சிட்டதிலேயே தெரிந்தது.

விஷயம் இதுதான். போன செவ்வாய்க்கிழமை யாரோ குளிர் அறையின் எந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். புதன் காலையில் திறந்து பார்த்தால் நாற்பதாயிரம் ஆடுகளுக்குப் போட வேண்டிய மருந்து வெந்நீர்ப் பக்குவத்துக்கு வந்திருந்தது. அத்தனையும் குப்பை. திறந்து பார்த்துக் கத்தி ஊரைக் கூட்டியவள் குளிர் அறைக் காப்பாளர் சாவியம்மா. கதவுக்குக் கார்டு வருவதற்கு முன்னால் அவள் இடுப்பில்தான் சாவி தொங்கும்; அதனால் வந்த பெயர். கத்தியவளையே குற்றவாளி ஆக்கிவிட்டார்கள்.

"ஆதாரம்?" என்றாள் அண்ணி.

மேனேஜர் ஒரு சீட்டை நீட்டினார். மூன்றே வரி. 8:05, கதவு, சாவியம்மா கார்டு, உள்ளே. 8:12, எந்திரப் பேனல், குளிர் நிறுத்தம். 8:20, கதவு, சாவியம்மா கார்டு, வெளியே.

"கம்ப்யூட்டர் சொல்லுது. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது," என்றார் மேனேஜர், தானே கண்டுபிடித்த வாக்கியம் போல.

"இது என்ன, பின்னாடி இன்னொரு தாள்?"

"அது போன மாசத்துப் பதிவு, ஒரு நாளோடது. தினமும் எட்டு மணிக்கு அந்தம்மாதான் உள்ள போகுதுன்னு காட்டறதுக்காகக் கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவர் சேர்த்துக் கொடுத்தார். முழுப் பக்கமும் இருக்கு. நீங்க பார்க்கணும்னு இல்லை."

பார்க்க வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லும் ஆளை லொள்ளுவுக்குப் பிடிக்காது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். மணி மூன்று நாற்பது. நாலு மணிக்கு இருபது நிமிஷம்தான் இருக்கிறதா? தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். இரண்டு நாற்பது.

"அதுவா? கோடை முடிஞ்சதுன்னு போன வாரத்துக்கு முந்தின ஞாயித்துக்கிழமை ஊர் முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி வச்சாங்களே, அதை இன்னும் மாத்தலை. ஏணி வேணும்," என்றார் மேனேஜர்.

உயிர்மூச்சு வாசகம் அந்தக் கடிகாரத்துக்கு நேர் கீழே இருந்தது. லொள்ளு வாயைத் திறப்பதற்குள் அண்ணி அவன் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள்.

சாவியம்மா நடைவழியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். விசாரணை முடியும்வரை வேலைக்கும் போகக்கூடாது, வீட்டுக்கும் போகக்கூடாது, ஆபீஸ் நேரம் முழுக்க இங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று மேனேஜர் உத்தரவு. புதன், வியாழன், வெள்ளி உட்கார்ந்தாயிற்று. இன்று திங்கள். வருகிறவர் போகிறவர் எல்லாரும் அவளைப் பார்த்தபடியேதான் போக வேண்டும். இதை யோசித்துக் கண்டுபிடித்த புத்தியை நினைத்து லொள்ளுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நாலு மணிக்கு என்னைக் கூட்டிட்டுப் போயிடுவாங்களாம்," என்றாள் சாவியம்மா. அழவில்லை. "எம் பொண்ணுகிட்ட இன்னும் சொல்லலை. என்னன்னு சொல்றது? அம்மா பதினோரு வருஷம் காவல் காத்த மருந்தை அம்மாவே கெடுத்துட்டான்னா?"

"நீங்க வெளியே வர்றப்போ எந்திரம் ஓடிட்டிருந்ததா?" என்றாள் அண்ணி.

"ஓடிச்சும்மா. மாவு மில் மாதிரி சத்தம். உள்ள நின்னா பேசறதுகூடக் கேட்காது. எந்திரம் நின்னுபோனா எனக்குத் தெரியாதா?"

"பேனல்ல நீங்க எதையாவது தொடுவீங்களா?"

"எனக்கு அதோட பாஸ்வேர்டே கொடுக்கலையே. பெருக்கறது, அடுக்கறது, எண்ணி எழுதறது. அவ்வளவுதான் நான்."

அண்ணி தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு போன மாதத்துத் தாளை லொள்ளுவிடம் நீட்டினாள். "தம்பி, இதைச் சத்தமாப் படி. ட்ரிப் ஷீட் படிக்கிற மாதிரி."

லொள்ளு ஜன்னலோரம் நின்று தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "அஞ்சு மணி நாலு நிமிஷம். எந்திரப் பேனல். கதவு திறப்பு. அஞ்சு பத்தொன்பது, எந்திரப் பேனல், கதவு திறப்பு. அப்புறம் ஒண்ணுமில்லை. எட்டு நாலு, கதவு, சாவியம்மா கார்டு, உள்ளே. எட்டுப் பத்தொன்பது, சாவியம்மா கார்டு, வெளியே." நிறுத்தினான். "என்ன அண்ணி இது? கதவைத் திறக்க இவங்க எட்டு மணிக்குத்தான் கார்டு வைக்கிறாங்க. ஆனா கதவு திறந்துடுச்சுன்னு பேனல் அஞ்சு மணிக்கே சொல்லுது. கண்டக்டர் ஏறறதுக்கு மூணு மணி நேரம் முன்னாடியே பஸ் கிளம்பிடுச்சா?"

"அன்னைக்கு அஞ்சு மணிக்கு வந்தீங்களாம்மா?" என்று சாவியம்மாவைக் கேட்டாள் அண்ணி.

"அஞ்சு மணிக்கு மெயின் கேட்டே பூட்டியிருக்கும்மா," என்றாள் சாவியம்மா.

அண்ணி சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை அது. எக்ஸ்சேஞ்சில் யாராவது பெரிய மனிதர் பொய் நம்பர் கொடுத்தால் சிரிக்கிற சிரிப்பு என்று லொள்ளுவுக்குத் தெரியும்.

"ஒரே கதவு. அதே திறப்புதான். அதை ரெண்டு பேர் எழுதியிருக்காங்க, ரெண்டு கடிகாரத்தைப் பார்த்து. வா, எழுதி வச்ச மகராசனைப் பார்ப்போம்."

கம்ப்யூட்டர் பிரிவு மாடியில் இருந்தது. மருந்து அறையில் குளிர் போனாலும் போகட்டும், இங்கே போகக்கூடாது என்று வைத்திருந்தார்கள். பிரிவுத் தலைவருக்கு முப்பத்தைந்து வயது. கழுத்தில் ஓர் அடையாள அட்டை, இடுப்பில் இன்னொன்று. தான் யாரென்று ஒருவேளை பாதியில் மறந்துவிடுவாரோ என்று லொள்ளு நினைத்துக்கொண்டான்.

"இதெல்லாம் உங்களுக்குப் புரியாதும்மா," என்று ஆரம்பித்தார் தலைவர். "டெக்னிக்கல்."

"புரியாத மாதிரியே சொல்லுங்க. புரிஞ்சுக்கறது என் பாடு. கதவும் பேனலும் அனுப்பற நேரம் எங்க போய்ச் சேருது?"

"டேட்டாபேஸ்ல. ஒரே டேபிள், அதாவது ஒரே பட்டியல்."

"என்ன மாதிரி அனுப்பும்? எழுதிக் காட்டுங்க."

தலைவர் பெருமூச்சு விட்டு ஒரு தாளில் எழுதினார். தேதி, மணி, நிமிஷம், அதன் பின்னால் ஒரு கூட்டல் குறியும் ஒரு எண்ணும். கதவின் கருவி இங்கே உள்ளூரில் வாங்கியது. உள்ளூர் நேரத்தைத்தான் அனுப்பும். எந்திரத்தின் பேனல் வெளிநாட்டில் செய்தது; அது உலகப் பொது நேரத்தில்தான் பேசும், அதன் எண் எப்போதும் சுழியம். உலகப் பொது நேரத்தை விட அனுப்புகிற கடிகாரம் எத்தனை மணி முன்னால் இருக்கிறது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது.

"பின்னாடி வர்ற இந்த எண்ணுதான் முக்கியம், இல்லையா? யாரோட கடிகாரம்னு சொல்றது. நாங்க இதை வால்னு சொல்லுவோம்," என்றாள் அண்ணி. "எக்ஸ்சேஞ்சுல நாடு விட்டு நாடு போற டிரங்க் கால் சீட்டுல இந்த வாலை எழுத மறந்தா சூப்பர்வைசர் சீட்டைக் கிழிச்சு மூஞ்சில போடுவார். சரி, சொல்லுங்க. உங்க டேபிள் இந்த வாலை என்ன பண்ணுது?"

"டேபிள்ல நேரத்துக்கு ரெண்டு வகைக் கட்டம் இருக்கும்மா. ஒண்ணு டைம் ஸோன் உள்ளது. அது வாலைப் பார்த்து, வர்ற நேரத்தைப் பொது நேரத்துக்கு மாத்தி வச்சுக்கும். கேட்கறப்போ கேட்கறவங்க ஊர் நேரத்துல எடுத்துக் கொடுக்கும்."

"வாலையும் வச்சுக்குமா?"

"இல்லை. மாத்தினதும் அதை விட்டுடும்."

"பேரு மட்டும் டைம் ஸோன் உள்ளதா? பேரு வச்சவர் நம்ம மேனேஜருக்குச் சொந்தமா இருப்பார்," என்றான் லொள்ளு.

தலைவர் அவனைப் பொருட்படுத்தவில்லை. "இன்னொரு வகை டைம் ஸோன் இல்லாதது. அது மணி நிமிஷத்தை மட்டும் அப்படியே எழுதிக்கும்."

"அந்தக் கட்டத்துக்கு வால் உள்ள நேரத்தைக் கொடுத்தா?"

தலைவரின் குரல் ஓர் இழை இறங்கியது. அண்ணியின் தலை லேசாகச் சாய்ந்ததை லொள்ளு பார்த்தான். "...கண்டுக்காது."

"திட்டுமா? சிவப்பு எழுத்துல ஏதாவது காட்டுமா?"

"ஒண்ணும் காட்டாது."

"ஆக, வாலைச் சத்தமில்லாம அறுத்துட்டு மிச்சத்தை எழுதி வச்சுக்கும். நீங்க எந்தக் கட்டத்தை வச்சீங்க?"

தலைவர் கழுத்து அட்டையைத் திருப்பிப் போட்டார். "இல்லாததை. எல்லாரும் ஒரே ஊர்லதானே இருக்கோம், எதுக்கு வீணா டைம் ஸோன்னு..."

லொள்ளுவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "ஆகா! ஒரே ஊர்ல இருக்கோம்னு வெளிநாட்டுப் பேனல்கிட்ட சொன்னீங்களா சார்? அது பாவம், தினமும் ஒழுங்கா வாலோட அனுப்புது. நீங்க இங்க உட்கார்ந்துகிட்டு அறுத்து அறுத்துப் போட்டிருக்கீங்க. இந்த லட்சணத்துல ரெண்டு அடையாள அட்டை!"

தலைவரின் காது சிவந்தது. ஆனால் அடுத்த கணமே முகம் தெளிந்துவிட்டது. தெளிந்த வேகம்தான் கொஞ்சம் அதிகம். "ஒத்துக்கறேன், அது ஒரு சின்னக் கவனக்குறைவு. அப்படின்னா பேனல் காட்டற எட்டு பன்னிரண்டு நிஜமா எட்டு பன்னிரண்டு இல்லை. போன மாசத்துத் தாள்ல பார்த்தீங்களே, மூணு மணி நேரம் வித்தியாசம். மூணைக் கூட்டுங்க. பதினொண்ணு பன்னிரண்டு." விரல்கள் அதற்குள் விசைப்பலகையில் ஓடின. "செவ்வாய்க்கிழமை பதினொண்ணு மூணுக்கு உள்ள போய், பதினொண்ணு இருபத்தஞ்சுக்கு வெளிய வந்திருக்கார், நம்ம மாட்டு டாக்டர். நானே எதிர்பார்க்கலை. ஆனா அவர் இந்த மருந்துக்குத் தரச் சான்று கொடுக்க மாட்டேன்னு மேனேஜரோட சண்டை போட்டவர்தான். மருந்தே இல்லைன்னா சான்றும் வேண்டாம், இல்லையா?"

"பிரமாதம்!" என்றான் லொள்ளு. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தான். மணி மூன்று பத்து. சாவியம்மா தப்பினாள்.

அண்ணி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "எல்லாரையும் மேனேஜர் ரூமுக்கு வரச் சொல்லு தம்பி," என்றாள். "தலைவர் சார், உங்க லேப்டாப்பையும் கொண்டு வாங்க."

மூன்று இருபதுக்கு மேனேஜர் அறை நிரம்பிவிட்டது. விஷயத்தைக் கேட்டதும் மேனேஜர் ஒரே நொடியில் கட்சி மாறினார். இதுவரை கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்றவர், இப்போது எனக்கு முதலிலிருந்தே அந்த டாக்டர் மேல்தான் சந்தேகம் என்றார். பெருக்கல் குறி போட்ட அறிக்கை மேஜையிலேயே கிடந்தது. குற்றவாளியின் பெயரை மட்டும் அழித்து எழுதினால் போதும் என்று அவர் மனதில் ஓடியதை லொள்ளுவால் எட்டடி தூரத்திலிருந்தே படிக்க முடிந்தது.

மாட்டு டாக்டர் வந்தார். தலை நரைத்தவர், கையில் பாதி கழற்றிய ரப்பர் உறை. சாவியம்மாவும் வந்து கதவோரம் நின்றாள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அண்ணிதான் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குக் குளிர் அறைக்குப் போனீங்களா டாக்டர்?"

"போனேன். இருபது நிமிஷம் இருந்திருப்பேன். சாம்பிள் எடுத்தேன். அன்னைக்கு ரொம்ப நல்லா இருந்தது."

"எது நல்லா இருந்தது?"

"உள்ளே அமைதியா இருந்ததும்மா. வழக்கமாத் தலைவலி வந்துடும். அன்னைக்குப் போனதிலிருந்து சத்தமே இல்லை. நிம்மதியா வேலை பார்த்தேன்."

லொள்ளு தலையில் அடித்துக்கொண்டான். மருந்தைக் காப்பாற்றும் எந்திரம் செத்துக் கிடக்கிறது, இந்தப் பெரியவர் அதன் பக்கத்தில் நின்று நிம்மதி என்கிறார்! படித்தவர்களிடம் இதுதான் கோளாறு. பிறகு அவனுக்கு உறைத்தது. "இருங்க இருங்க. போனதிலிருந்தேன்னா?"

"போய்க் கதவைத் திறந்ததிலிருந்து."

"பொய் சொல்றார்," என்றார் தலைவர். "இதைவிட என்ன சொல்லுவார்?"

"இருக்கலாம்," என்றாள் அண்ணி. "அவர் உள்ள போனது பதினொண்ணு மூணு. நீங்க சொல்ற கணக்குப்படி எந்திரம் நின்னது பதினொண்ணு பன்னிரண்டு. அவர் சொல்றது நிஜம்னா உங்க கணக்கு தப்பு. யார் சொல்றது சரின்னு பார்த்துடலாம். செவ்வாய்க்கிழமைப் பக்கத்தை முழுசாக் காட்டுங்க. எங்களுக்கு மூணு வரி சீட்டுதானே கொடுத்தீங்க?"

"பிரிண்டர் வேலை செய்யலைம்மா."

"எங்களுக்குத் தாள் வேண்டாம் சார், கண்ணு இருக்கு," என்று லொள்ளு போய் லேப்டாப்பைத் தானே திருப்பினான். தலைவரின் கை தடுக்க வந்து, எல்லாரும் பார்ப்பதால் பாதியில் நின்றுவிட்டது. "அண்ணி, படிக்கவா?"

"முதல்ல பேனல் சொல்றதை மட்டும் படி."

"ஆறு அஞ்சு, கதவு திறப்பு. ஆறு இருபது, கதவு திறப்பு."

"சாவியம்மா கார்டு என்ன சொல்லுது?"

"எட்டு அஞ்சு உள்ளே. எட்டு இருபது வெளியே." லொள்ளு விரலை மடக்கினான். "அண்ணி... மூணு இல்லை. ரெண்டுதான் வித்தியாசம்!"

"போன மாசம் மூணு, இப்ப ரெண்டு. ஏன்?" அண்ணி கேட்டுவிட்டு மேனேஜருக்குப் பின்னால் சுவரைக் காட்டினாள். ஒரு மணி நேரம் முந்தி ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தை எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். "ஊரே கடிகாரத்தைப் பின்னாடி வச்சுது. உலகப் பொது நேரம் யாருக்காகவும் பின்னாடி போகாது. வால்ல வர்ற எண்ணு ஒரு ஊரோட அடையாளம் இல்லை; அந்த நாளோட அடையாளம். ஒரே ஊருக்குக் கோடையில மூணு, இப்ப ரெண்டு. ஞாயித்துக்கிழமை மாத்தியாச்சு. அதுக்கப்புறம் வந்த செவ்வாய்க்கு ரெண்டைத்தான் கூட்டணும். எட்டு பன்னிரண்டோட ரெண்டு?"

"பத்து பன்னிரண்டு," என்றார் டாக்டர். "நான் போறதுக்கு முன்னாடி!"

"பத்து பன்னிரண்டுக்கு உள்ள யாரு, தம்பி?"

லொள்ளு திரையைப் பார்த்தான். கதவின் வரிகளைத் தேடினான். கண்டுபிடித்ததும் அவனுக்கு ஒரு கிண்டலும் வரவில்லை. "பத்து ஆறு, உள்ளே. பத்து பதினேழு, வெளியே. கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவர் கார்டு."

எல்லார் தலையும் தலைவர் பக்கம் திரும்பியது.

"கேபிள் பார்க்கப் போயிருப்பேன்," என்றார் தலைவர். "ஞாபகம் இல்லை."

"பேனலுக்கு ஞாபகம் இருக்கு. நிறுத்தத்துக்கு முந்தின வரி என்ன தம்பி?"

"எட்டுப் பத்து. 'நேர அமைப்பு திறக்கப்பட்டது, சர்வீஸ் பாஸ்வேர்ட்.'"

"அதான். கட்டடத்துல இருக்கற கருவிக்கெல்லாம் நேரத்தை மாத்திட்டு வந்தீங்க. பேனலைப் பார்த்தா பத்து பத்துக்கு எட்டு பத்துன்னு காட்டுது. கெட்டுப் போச்சுன்னு நினைச்சு மாத்தப் போனீங்க. அது பொது நேரத்துல ஓடற பேனல், மாத்தவே வேண்டாம். மாத்தவும் விடலை. நிறுத்திப் போட்டா சரியாயிடும்னு நிறுத்திப் போட்டீங்க. பேனலுக்குத் திரும்ப உயிர் வந்துடுச்சு. ஆனா இந்த மாதிரி எந்திரத்துல குளிர் தானா வராது. பட்டனைக் கையால அமுக்கணும். அமுக்கினீங்களா?"

தலைவர் மேஜைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி விடவில்லை.

"பேனல் திரையில எட்டுன்னும் உங்க கையில பத்துன்னும் ஒரே நேரத்துல பார்த்த ஒரே ஆள் நீங்கதான். வித்தியாசம் ரெண்டுன்னு உங்களுக்குத் தெரியும். அரை மணி நேரம் முன்னாடி எங்கிட்ட மூணுன்னு சொன்னீங்க. மூணைக் கூட்டினா டாக்டர் வருவார்னு பார்த்துட்டுத்தான் சொன்னீங்க."

"வேணும்னு பண்ணலைம்மா," என்றார் தலைவர். குரல் இப்போது அடையாள அட்டை இல்லாதவர் குரல். "மறந்துட்டேன். பட்டனை மறந்துட்டேன். யாருக்கும் வர்றதுதானே? புதன்கிழமை பதிவை எடுத்துப் பார்த்தா எட்டு பன்னிரண்டுன்னு இருந்தது, நேரா இவங்க கார்டுக்கு நடுவுல. நான் எதையும் மாத்தி எழுதலை. டேபிள்ல இருந்ததைத்தான் எடுத்துக் கொடுத்தேன்."

லொள்ளுவுக்கு இதுதான் உச்சமாகப் பட்டது. திருடன்கூடத் திருடிவிட்டு இப்படி யோக்கியமாகப் பேசமாட்டான். இந்த மனிதர் ஒரு பொய்யும் எழுதவில்லையாம்! வாலை அறுத்த நேரம் ஒருத்தி கழுத்தில் போய்ச் சுற்றிக்கொண்டதைப் பார்த்துவிட்டு, அது சுற்றட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு இருந்தாராம். அவ்வளவுதானாம்.

கதவு தட்டப்பட்டது. மூன்று ஐம்பது. போலீஸ் பத்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டது. ஓர் இன்ஸ்பெக்டரும் ஒரு பெண் காவலரும். பெண் காவலர் வழக்கப்படி அறையில் இருந்த ஏழைப் புடவையைத் தேடிக் கண்டுபிடித்து சாவியம்மாவின் பக்கத்தில் போய் நின்றார்.

"யாரு சார், இவங்களா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

மேனேஜர் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். முகத்தில் ஒரு பெருந்தன்மை பரவியது. "இல்லை, இல்லை. சார் வீணா அலைஞ்சுட்டீங்க. யார் மேலயும் தப்பில்லை. இது ஒரு சின்ன... டெக்னிக்கல் விஷயம். நேரக் குழப்பம்." பெருக்கல் குறி போட்ட அறிக்கையை நான்காக மடித்தார். "சாவியம்மா, நீ வீட்டுக்குப் போலாம். நாளையிலேருந்து வேலைக்கு வந்துடு. நாங்க எதையும் மனசுல வச்சுக்கலை."

"நீங்க மனசுல வச்சுக்கலையா!" என்று லொள்ளு கிளம்பினான். அண்ணி கண்ணாலேயே அடக்கினாள். அவள் பார்வை சாவியம்மா மேல் இருந்தது.

சாவியம்மா எழுந்தாள். காவலரைத் தாண்டி, மேஜையைத் தாண்டி, தலைவரின் முன்னால் போய் நின்றாள். சத்தம் போடவில்லை. மாவு மில் சத்தத்துக்கு நடுவே பதினோரு வருடம் வேலை பார்த்தவளுக்கு இவ்வளவு மெல்லப் பேசத் தெரியும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

"பட்டனை மறந்தது செவ்வாய்க்கிழமை சார். அது மறதி. புதன்கிழமை நான் நடைவழியில உட்கார்ந்தேன். நீங்க வந்தீங்க, போனீங்க. வியாழக்கிழமை, சாப்பிட்டியாம்மான்னு கேட்டீங்க. வெள்ளிக்கிழமையும் கேட்டீங்க. இன்னைக்குக் காலையில, எல்லாம் சரியாயிடும்னு சொன்னீங்க."

தலைவர் நிமிரவில்லை.

அவள் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள்.

"குழப்பம்னு எழுதாதீங்க ஐயா. இந்தக் கட்டடத்துலயே இவர் ஒருத்தருக்குத்தான் சரியான நேரம் தெரிஞ்சிருந்தது."